ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் ஹூஸ்டன் ரோடியோவை விடாமல் இருப்பது ஏன்?

கேள்வி கேட்டவர்: பழைய இசைத்தட்டு

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க கன்ட்ரி இசையை ஓராண்டாகத்தான் கேட்டு வருகிறேன். ஆகவே என் கேள்வியில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.

ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் 2002-ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் பாடிய நிகழ்ச்சியின் நேரடிப் பதிவு அண்மையில் கையில் கிடைத்தது. பாட்டைக் காட்டிலும் என்னைப் பிடித்து நிறுத்தியது கூட்டத்தின் ஓசைதான். ஒரு பாடல் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், பாடகர் வாயைத் திறக்கும் முன்பே, வயலினின் முதல் இரண்டு மூன்று சுரங்களிலேயே கூட்டம் பாட்டை அடையாளம் கண்டு கொந்தளிக்கிறது. ஒரு கலைஞனும் ஒரு மேடையும் பல ஆண்டுகள் பழகியிருந்தாலொழிய அப்படி ஓர் ஓசை எழாது என்று தோன்றியது. தேடிப் பார்த்தபோது, இவர் 1983-இல் ஹூஸ்டன் ரோடியோ விழாவில் வேறொருவருக்கு மாற்றாகத்தான் முதன்முதலில் ஏறினார் என்பதும், 2002-இல் அந்த அரங்கின் கடைசி ரோடியோவுக்கு இவரைத்தான் பாட அழைத்தார்கள் என்பதும், ஓய்வு பெறுவதாக அறிவித்த பிறகும் 2019-இலும் 2022-இலும் மீண்டும் வந்து பாடினார் என்பதும் தெரிய வந்தன.

என் ஐயங்கள் இவை. மாடு அடக்குவதும் குதிரை ஓட்டுவதும் நடக்கிற ஒரு விழாவில் இசைக்கச்சேரிக்கு என்ன வேலை? இவர் திரும்பத் திரும்ப வருவது முதல் வாய்ப்பு தந்த நன்றிக்காக மட்டுமா? இவரே கயிறு வீசிக் காளை பிடிப்பவர் என்கிறார்களே, அது உண்மையா, அல்லது தொப்பிக்கேற்ற வேடமா?

—

மறுமொழி: தென்திசைக் காற்று

நல்ல கேள்வி. முதல் இரண்டு ஐயங்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூன்றாவதற்கு இங்கே என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார்.

ஹூஸ்டன் விழா தொடங்கியபோது அதில் ரோடியோவே கிடையாது. 1932-இல் நடந்த முதல் விழா, ‘ஃபேட் ஸ்டாக் ஷோ’ என்ற அன்றைய பெயருக்கேற்பக் கொழுத்த கால்நடைகளின் கண்காட்சி மட்டுமே. ரோடியோ 1938-இல் சேர்ந்தது. 1942-இல் திரைப்படக் கௌபாயாகவும் பாடகராகவும் புகழ்பெற்றிருந்த ஜீன் ஆட்ரியை வரவழைத்தார்கள். போட்டிகள் முடிந்ததும் ஒரு பெரிய கலைஞர் பாடுவது என்ற வழக்கம் அங்கிருந்துதான் வருகிறது. 1966-இல் விழா ஆஸ்ட்ரோடோமுக்கு மாறிய பின் அந்த மேடையின் அளவே வேறாகிவிட்டது. 1970-இல் எல்விஸ் பிரெஸ்லி அங்கே தொடர்ச்சியாக ஆறு நிகழ்ச்சிகள் நடத்தினார். டெக்சஸ் பாடகர் ஒருவருக்கு அந்த மேடை என்பது, ஊர்த் திருவிழாவும் தலைநகரத்துப் பேரரங்கும் ஒரே இடத்தில் கிடைப்பதற்குச் சமம்.

இப்போது 1983-க்கு வருவோம். அன்றைக்குப் பாட வேண்டியவர் எடி ராபிட். அவருக்குக் காய்ச்சல் கண்டு வர இயலாமல் போகவே, கடைசி நேரத்தில் ஸ்ட்ரெய்ட்டை அழைத்தார்கள். இதை எல்லாரும் ஓர் அதிர்ஷ்டக் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அதைவிடச் சுவையாகத் தோன்றுவது, யாருடைய இடத்தில் யார் ஏறினார் என்பதுதான். எடி ராபிட் புரூக்ளினில் பிறந்து நியூ ஜெர்சியில் வளர்ந்தவர், திறமையான பாடலாசிரியர், 1981-இல் இவருடைய பாட்டு ஒன்று கன்ட்ரி பட்டியலைத் தாண்டி அமெரிக்காவின் பொதுவான பாப் பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. அக்காலத்துக் கன்ட்ரி இசையே அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஹூஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள பாசடீனாவின் மதுக்கூடம் ஒன்றைக் களமாக வைத்து ஜான் டிரவோல்டா நடித்த படம் 1980-இல் வெளிவந்த பிறகு, எண்ணெய்க் கம்பெனி ஊழியர்கள் எல்லாம் மாலையானால் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, இயந்திரக் காளைமீது ஏறி விழுந்துகொண்டிருந்த காலம் அது.

அந்த அலைக்கு முற்றிலும் எதிர்த்திசையில் நின்றவர் ஸ்ட்ரெய்ட். டெக்சஸின் பொட்டீட்டில் பிறந்து பியர்சாலில் வளர்ந்தவர். தந்தை கணித ஆசிரியர். பிக் வெல்ஸ் அருகே குடும்பத்துக்குக் கால்நடைப் பண்ணை இருந்தது. இராணுவத்தில் சேர்ந்து ஹவாயில் பணியாற்றியபோது அங்கேயே ஒரு குழுவில் பாடத் தொடங்கி, ஊர் திரும்பியதும் சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து 1979-இல் பட்டம் பெற்றார். அதே காலத்தில் பாட்டுத் தொழில் பிடிபடவில்லை என்று மனம் வெறுத்து, மாட்டுப் பட்டிகள் வடிவமைக்கும் வேலை ஒன்றுக்குப் போய்விட முடிவு செய்தவரை, இன்னும் ஓராண்டு முயன்று பாருங்கள் என்று தடுத்தவர் அவருடைய மனைவி நார்மா. 1981-இல்தான் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ஆக, 1983-இல் அந்த மேடைக்கு வந்தபோது அவர் பெரிய நட்சத்திரம் அல்லர். ஆனால் அன்று அங்கே கூடியிருந்த பண்ணைக்காரர்களுக்கு, தங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் தோய்த்துக் கஞ்சி போட்ட சட்டையோடு வந்து நிற்பதைப் போல இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ‘அமரில்லோ பை மார்னிங்’ என்ற பாட்டு தனித்தட்டாக வெளிவந்தது அதே 1983-இன் தொடக்கத்தில். டெரி ஸ்டாஃபோர்டும் பால் ஃபிரேசரும் எழுதி, பத்தாண்டுகளுக்கு முன்பே ஸ்டாஃபோர்ட் பாடியிருந்த பாட்டு அது. ஊர் ஊராகச் சென்று போட்டியிடும் ரோடியோக்காரன் ஒருவன் சான் அன்டோனியோவிலிருந்து விடியலுக்குள் அமரில்லோ போய்ச் சேர வேண்டும் என்று புறப்படுகிறான். கையில் எதுவும் மிச்சமில்லை. சான்டா ஃபேயில் கால் முறிந்ததைச் சொல்கிற அவன், தன் சேணம் பறிபோன ஊராக எதைச் சொல்கிறான் தெரியுமா? ஹூஸ்டனை. நீங்கள் அந்தப் பதிவில் கேட்ட கொந்தளிப்பு இந்தப் பாட்டின் தொடக்க வயலினுக்காக எழுந்ததாக இருந்தால் நான் வியப்படைய மாட்டேன். ஆனால் இது பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு அன்று. நான்காம் இடம் வரைதான் ஏறியது.

—

மறுமொழி: கணக்கு நோட்டு

மேலே எழுதிய நண்பரின் வரலாற்றில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. எனினும், இவருக்கும் இந்த விழாவுக்கும் உள்ள பிணைப்பைப் பற்றிப் பேசும்போது நாம் கொஞ்சம் அதிகமாகவே உருகிவிடுகிறோம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ஸ்ட்ரெய்ட் பாடுவதை நிறுத்துவதாக எப்போதும் சொன்னதில்லை. ஊர் ஊராகச் சுற்றும் பயணங்களைத்தான் நிறுத்துவதாகச் சொன்னார். அந்த விடைபெறும் பயணம் 2013-இல் தொடங்கி, 2014 ஜூன் 7 அன்று டல்லாஸ் அருகிலுள்ள ஆர்லிங்டனில் 1,04,793 பேர் முன்னிலையில் முடிந்தது. 2016-இலிருந்து லாஸ் வேகாசில் பாடினார். 2024 ஜூன் 15 அன்று டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் கைல் ஃபீல்டில் 1,10,905 பேர் கூடினார்கள். அமெரிக்காவில் அதுவரை நுழைவுச்சீட்டு விற்று நடந்த தனி இசைநிகழ்ச்சிகளில் அதுவே மிகப் பெரியதாக இருந்தது. எனவே அவர் ஹூஸ்டனுக்கு மட்டுமே திரும்புகிறார் என்பது சரியில்லை. எங்கே பெரிய அரங்கு நிறையுமோ அங்கெல்லாம் வருகிறார்.

அடுத்தது, ஹூஸ்டன் விழா இவரை நம்பி நிற்கவில்லை. 2019-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். மார்ச் 1 அன்று பாடிய ராப் கலைஞர் கார்டி பி-க்கு 75,580 பேர் வந்தார்கள். அதுவரை இல்லாத எண்ணிக்கை. ஒன்பதே நாளில், மார்ச் 10 அன்று, மெக்சிகோ வழிவந்த நார்தேன்யோ இசைக்குழுவான லோஸ் டீக்ரெஸ் தெல் நோர்தே 75,586 பேரைக் கூட்டி, ஆறே ஆறு பேர் வித்தியாசத்தில் அதை முறியடித்தது. இன்றைய ஹூஸ்டன் அப்படிப்பட்ட ஊர். மார்ச் 17 அன்று ஸ்ட்ரெய்ட்டுக்கு 80,108 பேர் வந்தது உண்மைதான். ஆனால் அன்று ரோடியோ நடக்கவே இல்லை. வெறும் இசைநிகழ்ச்சி. களத்தின் நடுவிலும் ரசிகர்களுக்கு இடம் கிடைத்த நாளையும், அது போட்டிக்கு ஒதுக்கப்பட்ட நாளையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது நியாயமாகாது.

விழாவுக்கு அரங்கு நிறைகிறது, அவருக்கு ஊதியம் கிடைக்கிறது, 2002 நிகழ்ச்சி அடுத்த ஆண்டே இசைத்தட்டாகவும் விற்கிறது. இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இதற்கு நன்றிக்கடன் என்று பெயர் சூட்ட வேண்டிய தேவையும் எனக்குத் தெரியவில்லை.

—

மறுமொழி: கேட்டி வாசி

நான் ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் குடியிருப்பவன். ‘கணக்கு நோட்டு’ அவர்கள் குறிப்பிடும் அந்த 80,108 பேரில் ஒருவனாகவும் இருந்தேன். எண்ணிக்கை பற்றி அவர் சொல்வது அனைத்தும் சரி. ஆனால் எண்களை மட்டும் பார்த்தால் தவறிப்போகும் ஒன்றிரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும்.

வழக்கமான ரோடியோ இரவில் என்ன நடக்கும் என்பதை முதலில் விளக்குகிறேன். அரங்கின் தரை முழுவதும் லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிய மண். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போட்டிகள் நடக்கும்: சேணமில்லாக் குதிரை, சேணமிட்ட குதிரை, கன்று மடக்குதல், பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையோட்டும் பெண்கள், கடைசியில் காளைச் சவாரி. காளையின் முதுகில் எட்டு விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். ஏழரை விநாடிக்கு மதிப்பெண் கிடையாது. இவற்றுக்கிடையே ஐந்தாறு வயதுக் குழந்தைகளைச் செம்மறியாட்டின் முதுகில் ஏற்றிவிடும் வேடிக்கையும் உண்டு. கூட்டம் மிகவும் விரும்புவது அதைத்தான். இவையெல்லாம் முடிந்ததும் விளக்குகள் அணையும். இருளில் ஒரு மேடை மண்மீது உருண்டு வந்து களத்தின் நடுவில் நிற்கும். பாடகர் சுமார் ஒரு மணி நேரம் பாடுவார். மேடை மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும்.

அந்த மேடையில் பாடுவது எளிதன்று என்பது வெளியிலிருப்போர்க்குத் தெரிவதில்லை. மேடைக்கும் முதல் வரிசைக்கும் இடையே வெறும் மண்வெளி. கை நீட்டித் தொட ஒரு ரசிகர்கூட அருகில் இல்லை. ஒரு பக்கத்தாரின் முகத்தைப் பார்த்துப் பாட்டைத் தொடங்கினால், முடிப்பதற்குள் வேறு பக்கத்தார் எதிரே வந்துவிடுவார்கள். துள்ளிக் குதித்துக் கூட்டத்தைக் கவர்பவர்கள் இங்கே திணறுவதை நானே பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரெய்ட் எந்த மேடையிலும் துள்ளுபவர் அல்லர். கிட்டாரோடு நேராக நிற்பார், பாடுவார், தொப்பியின் விளிம்பைத் தொட்டு நன்றி சொல்வார். அவருடைய இந்த அசையாத்தன்மைக்கு அளவெடுத்துச் செய்ததைப் போன்ற மேடை அது.

2019-இல் எங்களுக்குக் கிடைத்தது உச்சியடுக்கில் ஓர் இருக்கை. வாகனத்தை நிறுத்த இடம் கிடைக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் மனைவி அந்தக் கோபத்திலேயே முதல் அரைமணியைக் கழித்தார். முன்னதாக லைல் லவெட்டும் ராபர்ட் ஏர்ல் கீனும் பாடினார்கள். இருவரும் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலிருந்தே நண்பர்கள். எங்களுக்கு முன்வரிசையில் எழுபதைத் தாண்டிய ஒருவர் மகளோடும் பேத்தியோடும் வந்திருந்தார். ஆஸ்ட்ரோடோமில் ஸ்ட்ரெய்ட்டை முதலில் கேட்டபோது இவள் கைக்குழந்தை என்று மகளைக் காட்டிச் சொன்னார். ‘அமரில்லோ’வின் வயலின் எழுந்ததும் அவர் பாடவில்லை, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அன்று ரோடியோ நடக்கவில்லை என்பது பட்டியலில் ஒரு குறிப்பாக இருக்கலாம். அந்த மனிதருக்கு அது ரோடியோவாகத்தான் இருந்தது.

2022-ஐயும் மறந்துவிடக் கூடாது. 2020 மார்ச்சில் விழா நடந்துகொண்டிருக்கும்போதே பெருந்தொற்றால் பாதியில் நிறுத்தினார்கள். 2021-இல் விழாவே இல்லை. நகரத்தில் உள்ள வெள்ளைச்சட்டை அலுவலர்கள்கூட பிப்ரவரி இறுதியில் ஒரு வெள்ளிக்கிழமை தொப்பியும் பூட்ஸும் அணிந்து வேலைக்குப் போவதும், பல நாள் குதிரையில் பயணம் செய்து வரும் குழுக்கள் நெடுஞ்சாலை ஓரமாக ஊருக்குள் நுழைவதும் இங்கே வழக்கம். என் மகள் பள்ளிக்குத் தொப்பியோடு போக முடியாமல் அந்த ஆண்டு அழுதாள். அப்படிப்பட்ட இடைவெளிக்குப் பிறகு விழா திரும்பியபோது, மார்ச் 20 அன்று நிறைவுநாளில் பாட வந்தவர் ஸ்ட்ரெய்ட். அறுபத்தொன்பது வயது. ஊதியம் வாங்கியிருப்பார், ஐயமில்லை. ஆனால் அந்த நாளுக்கு யாரை அழைப்பது என்று விழாக்குழு எத்தனை நேரம் யோசித்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

—

மறுமொழி: சுருக்குக் கயிறு

மூன்றாவது ஐயத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்று தென்திசைக் காற்று ஐயா எதிர்பார்ப்பதாகத் தெரிகிறது. கால்நடை மருத்துவராக நான் டெக்சஸில் நான்கு ஆண்டுகள் பணி செய்தபோது இந்தப் போட்டிகளை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஸ்ட்ரெய்ட் ஈடுபட்டது இருவர் சேர்ந்து கயிறு வீசும் போட்டி. அடைப்பிலிருந்து காயடித்த இளங்காளை ஒன்று பாய்ந்து வெளியே வரும். ஒருவர் குதிரையில் விரட்டிச் சென்று அதன் கொம்புகளில் சுருக்கு வீச வேண்டும். விழுந்ததும் கயிற்றின் மறுமுனையைச் சேணத்தின் முன்கொம்பில் சுற்றிக்கொண்டு காளையை இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். அது திரும்பும் நொடியில் இரண்டாமவர் தரையையொட்டிச் சுருக்கு வீசி, இரண்டு பின்னங்கால்களும் ஒருசேர உள்ளே வரும்படி பிடிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் சிக்கினால் ஐந்து விநாடி தண்டம். இரண்டு கயிறுகளும் விறைத்து, குதிரைகள் ஒன்றையொன்று எதிர்நோக்கி நின்றால் கொடி விழும். தேர்ந்தவர்கள் இவ்வளவையும் ஐந்தாறு விநாடிக்குள் முடிப்பார்கள்.

இதில் உயிருக்கு வரும் ஆபத்தைவிடக் கட்டைவிரலுக்கு வரும் ஆபத்து பெரிது. ஓடுகிற காளையின் எடை முழுவதும் கயிற்றில் விழும் அந்தக் கணத்தில், சேணக்கொம்பைச் சுற்றும் கயிற்றுக்கு இடையே விரல் மாட்டினால் துண்டாகிவிடும். நான் கைகுலுக்கிய இருவருக்கு வலக்கையில் கட்டைவிரல் முழுதாக இல்லை. கிட்டார் வாசித்துப் பிழைக்கும் ஒருவர், பணத்தேவை சிறிதும் இல்லாத நிலையிலும் இந்தப் போட்டியில் இறங்கினார் என்றால், வேடம் என்று சொல்வதற்கு எனக்கு மனம் வராது.

அவரும் அண்ணன் பட்டியும் சேர்ந்து 1980-களிலேயே தங்கள் பெயரில் கயிறு வீசும் போட்டி ஒன்றைத் தொடங்கினார்கள். கிங்ஸ்வில்லில் தொடங்கிப் பின்னர் சான் அன்டோனியோவுக்கு மாறிய அந்தப் போட்டி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்து, அத்துறையின் பெரிய போட்டிகளில் ஒன்றாக மதிக்கப்பட்டது. மகன் பப்பா தொழில்முறைப் போட்டிகளிலேயே கலந்துகொண்டவர்.

அதே நேரம் இவரை மிகைப்படுத்தவும் வேண்டாம். கிரிஸ் லெடூ என்ற பாடகர் 1976-இல் சேணமில்லாக் குதிரைச் சவாரியில் உலக வாகையராக வந்தவர். ரீபா மெக்கன்டயர் பீப்பாய்ப் போட்டியில் குதிரை ஓட்டியவர், 1974-இல் ஓக்லஹோமா சிட்டியில் நடந்த தேசிய இறுதிப் போட்டியில் நாட்டுப்பண் பாடியபோதுதான் கன்ட்ரி பாடகர் ரெட் ஸ்டீகால் காதில் அவர் குரல் விழுந்தது. ரோடியோவே வாழ்க்கையாக இருந்தவர்கள் அவர்கள். ஸ்ட்ரெய்ட் அந்த வகையில் சேரமாட்டார். வேலை முடிந்த பிறகு கயிறு எடுக்கும் பண்ணைக்காரர் என்றே அவரைச் சொல்வேன். டெக்சஸில் ரோடியோ பார்க்க வரும் கூட்டத்தில் பெரும்பாலோரும் அந்த வகைதான்.

—

மறுமொழி: கணக்கு நோட்டு

கட்டைவிரல் செய்தி எனக்குப் புதியது. வேடம் என்று நான் சொல்லவில்லை என்றாலும், அப்படி நினைத்ததுண்டு, அதை விலக்கிக்கொள்கிறேன். பணம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. 2022 நிறைவுநாள் பற்றி ‘கேட்டி வாசி’ கேட்ட கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

—

மறுமொழி: பழைய இசைத்தட்டு

எல்லாருக்கும் மிக்க நன்றி. இன்று காலை அந்தப் பதிவை மறுபடியும் கேட்டேன். தென்திசைக் காற்று ஊகித்தது சரி. நான் குறிப்பிட்ட கொந்தளிப்பு ‘அமரில்லோ’வின் தொடக்கத்தில் வருவதுதான். ஹூஸ்டன் என்ற பெயர் வரும் இடத்துக்காகக் காத்திருந்து கேட்டேன்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 1983-இல் அவர் பாடிய ஆஸ்ட்ரோடோம் இப்போதும் இருக்கிறதா, இடித்துவிட்டார்களா?

—

மறுமொழி: கேட்டி வாசி

இருக்கிறது. 2002 மார்ச் 3 அன்று 68,266 பேர் முன்னிலையில் அவர் பாடியதோடு ரோடியோவைப் பொறுத்தவரை அதன் காலம் முடிந்தது. 2003-இலிருந்து எல்லாமே பக்கத்தில் கட்டிய புதிய அரங்கில்தான். கூரைக் கண்ணாடி வழியே வரும் ஒளியில் பந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்று பேஸ்பால் ஆட்டக்காரர்கள் முறையிட, கண்ணாடிக்குச் சாயம் பூசி, அதனால் புல் செத்து, கடைசியில் செயற்கைப் புல்லை விரித்த அரங்கு அது. அந்தப் புல்லுக்கு ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் வந்ததே இதனால்தான். 2014-இல் தேசிய வரலாற்றிடப் பட்டியலில் சேர்த்தார்கள். என்ன செய்வது என்று பல திட்டங்கள் போட்டும் எதுவும் நிறைவேறவில்லை, மூடியே கிடக்கிறது.

2019 நிகழ்ச்சி முடிந்து, நிறுத்திய வாகனத்தைத் தேடிக்கொண்டு அந்தப் பெரிய கூரையை ஒட்டித்தான் நடந்தோம். உள்ளே விளக்கில்லை. முன்வரிசைப் பெரியவரும் எங்களுக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தார். பேத்தி அதைக் காட்டி என்னவோ கேட்டாள். அவர் நின்று, சுவரின் ஒரு பக்கத்தைக் கையால் சுட்டி, தம் இருக்கை எந்த வாயிலுக்கு நேரே இருந்தது என்று விளக்கத் தொடங்கினார்.